யாருக்கும் சொந்தமில்லாத முட்டி

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோடு போட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தேன். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடையின் மாடியில், பேட்டண்ட் வாங்கித் தரும் அலுவலகம். எதையாவது புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் அந்தக் குறுகலான படியில் ஏறி வருவார்கள். அதை எப்படிச் செய்வதென்று ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தால், சில வருடங்களுக்கு வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று சர்க்கார் ஒரு காகிதம் தரும். எழுதுவது எங்கள் மேடம். கூடவே போகும் படங்களை மசியில் வரைவது நான்.

தி. நகரில் கிரைண்டர் விற்கிறவர் வருவார். அடையாறிலிருந்து கொசு பிடிக்கும் விளக்கோடு ஒருவர் வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்து ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருவர், தானாகவே மணியடித்துக் கற்பூரம் ஏற்றும் பூஜை அலமாரியைக் கொண்டுவந்து, எங்கள் திரைச்சீலையைப் பற்றவைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் நான் வரைந்தேன். எனக்குக் கை நன்றாக ஓடும். தலை அந்த அளவுக்கு ஓடாது. என் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போய், அடுத்த வீட்டுக்காரர் தன் பக்கம் பெயர்ந்த காரையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார். பத்து வருடம் உலகத்தின் புதுமைகளை வரைந்த எனக்கு, அவற்றில் ஒன்றுகூட எப்படி வேலை செய்கிறதென்று தெரியாது. விண்ணப்பத்தில் எழுத்து இருக்கும், படம் இருக்கும். எழுத்துப் பக்கம் நான் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நொச்சிக்குப்பத்துக்குப் போவேன். ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்து மீன் விற்கும் பெண்களில் ஓர் அக்காவிடம்தான் வாங்குவது. மீனை வாங்கியதும் அவரே அருவாமனையில் நறுக்கிக் கொடுப்பார். ஒரு காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, மற்றக் காலால் அருவாமனைக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே வெட்டுவார். கையையும் பார்க்க மாட்டார், மீனையும் பார்க்க மாட்டார். என்னைப் பார்த்துத்தான் கிண்டல் செய்துகொண்டிருப்பார்.

ஒரு வருடம் சித்திரையில் அவரைத் தண்ணி லாரி அடித்துப்போட்டது. இடது கால் பாதித் தொடையோடு போயிற்று. ஐந்தாறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, வரிசையில் அவர் மட்டும் உயரமாகத் தெரிந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்த பார்வை சரியில்லை போலிருக்கிறது.

"இன்னா சாரு, அப்டிப் பாக்குற. காலுதான் ஆஸ்பத்திரில குடுத்தது. வாயி என்னோட பழைய வாயிதான்."

அந்தக் காலை அவரே தட்டிக் காட்டினார். நடக்க நன்றாக இருந்தது. முட்டியில் ஒரு கொக்கி. கொக்கியை விட்டால் நாற்காலியில் உட்காருகிற அளவுக்கு மடங்கும், அதற்கு மேல் மடங்காது. தரையில் உட்கார வேண்டுமென்றால் காலையே கழற்றி வைக்க வேண்டும்.

"ஸ்டூல்ல குந்திக்கினு மீன் வித்தா எவன் வருவான்? ரிஜிஸ்டர் ஆபீஸுன்னு நெனச்சி அந்தாண்ட போறானுங்கோ. அருவாமனையும் எட்ல. வெட்டித் தரலன்னா எவன் வாங்குவான்?"

"கழட்டி வெச்சிட்டு உக்காரலாமே அக்கா."

"கழட்டி வெச்சேனே ஒருதபா. ஒரு ஆளு வந்தான், நின்னான், காலப் பாத்தான், என்னப் பாத்தான். வஞ்சரம் எவ்ளோன்னு கேப்பான்னு பாத்தா, கூடைல காசப் போட்டுட்டுப் போறான். மீன் விக்கிறவளாண்ட பிச்சை போடுறான் சாரு."

பக்கத்துக் கூடைக்காரம்மா குனிந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் இடம் சும்மா கிடக்காது. யாராவது வராமல் போனால் மற்றவர்கள் ஒரு கெடு சொல்லி, அதுவரை கூடையைக் கவிழ்த்து வைத்து இடத்தைக் காப்பார்கள். கெடு தாண்டினால் இடம் வேறு ஆளுக்கு. அக்காவுக்குச் சொன்ன கெடு, காணும் பொங்கல். ஊரே கடற்கரைக்கு வரும் நாள்.

"காணும் பொங்கலுக்கு நீ கீழ குந்தினா உன் எடம்," என்றார் கூடைக்காரம்மா, அப்போதுதான் நிமிர்ந்து. "இல்லன்னா என் மருமவ குந்துவா. நான் தப்பா சொல்றனா?"

"தப்பு இன்னா கீது. நானா இருந்தா தீவாளியே கெடுன்னு சொல்லியிருப்பேன்," என்றார் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வராதபோது நான் ஏதாவது உளறுவேன்.

"முட்டிதானே அக்கா. நான் பாக்கறேன்."

"நீ இன்னா டாக்டரா?"

"படம் வரைவேன்."

"அப்போ நல்லதா ஒரு முட்டி வரைஞ்சு குடு. ஒட்டிக்கிறேன்."

மறுநாள் மேடம் என்னை வேறு ஏதோ தேட அனுப்பினார். பழைய பேட்டண்டுகளைப் படிக்க ஒரு சர்க்கார் வாசக அறை உண்டு. புதிது என்று சொல்லிக்கொண்டு வருகிற சரக்கு ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும் இடம். நான் தேடப் போனது மிக்சி மூடி. கை போனது செயற்கைக் கால். வெளிநாட்டுச் சுருக்கங்கள் அடங்கிய தொகுதியில், எங்கோ பனி பெய்கிற தேசத்தில் ஒருவர் செய்த முட்டி ஒன்று பெட்டிக்குள் சின்னதாக இருந்தது. வடக்கே ஓர் ஊருக்கு எழுதிப் போட்டால் முழு நகல் தபாலில் வரும். எழுதிப் போட்டேன். மிக்சி மூடியை மறந்துபோனேன்.

நகல் வந்த அன்று, சாப்பாட்டு வேளையில், அட்டையை வெட்டி நாலு குண்டூசி குத்தி அந்த முட்டியைச் செய்து பார்த்தேன். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, இரண்டையும் இணைக்க முன்னால் ஒரு பட்டை, பின்னால் ஒரு பட்டை. அவ்வளவுதான். கதவுக்குக் கீல் இருக்கிற மாதிரி முட்டிக்கும் ஓர் ஆணி இருக்கும், அதைச் சுற்றித் திரும்பும் என்று நினைத்திருந்தேன். இது அப்படியில்லை. மடக்க மடக்க, அது எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டே போயிற்று. நிற்கும்போது அந்தப் புள்ளி மேலே, பின்னால் இருக்கிறது. அங்கே ஆணி கிடையாது, அட்டை கிடையாது, வெறும் காற்று. அந்தக் காற்றுதான் ஆளை விழாமல் தாங்குகிறது. மேலே இருந்து எடை அழுத்த அழுத்த முட்டி இன்னும் நேராக நிற்கப் பார்க்கிறது. கொக்கியே தேவையில்லை. மோர்சாதம் ஆறி, காய்ந்து, தட்டில் ஒட்டிக்கொண்டது. நான் அட்டையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

"என்ன, கால் ஆட்டிண்டு உக்காந்திருக்கேள்?"

மேடம் பின்னால் நின்றார். என்னைவிட வயதில் சிறியவர். பௌதிகமும் சட்டமும் படித்துவிட்டு அப்பாவின் அலுவலகத்தை ஏற்றுக்கொண்டவர். கோபம் வந்தால் குரல் இன்னும் மரியாதையாக ஆகிவிடும்.

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, கெடு, மிக்சி மூடி. கடைசியில், பேட்டண்ட் ஆபீசில் இருந்துகொண்டே பேட்டண்டைத் திருடப் பார்த்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

மேடம் நகலை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். "எத்தனை வருஷமா இங்க இருக்கேள்?"

"பத்து, மேடம்."

"பேட்டண்ட் அந்தந்தத் தேசத்துக்குள்ளதான் செல்லும். இவர் அவா ஊர்ல வாங்கியிருக்கார். நம்ம ஊர்ல கேக்கவே இல்லைன்னா, இங்க இது எல்லாருக்கும் பொது. யார் வேணா பண்ணலாம். அவா ஊர்லயே காலம் முடிஞ்சு போயிருக்கும் போலிருக்கு."

"அப்போ திருட்டு இல்லையா?"

"பூட்டே இல்லாத கதவு வாசல்ல பத்து வருஷமா செருப்பைக் கழட்டிட்டு நின்னிண்டிருக்கேள்," என்றார் மேடம்.

ஆனாலும் அவர் மேடம். வாய்வார்த்தையோடு விட்டுவிடவில்லை. அந்த முட்டி இந்தியாவில் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டு நாள் பதிவேடுகளைப் புரட்ட வைத்தார். ஆகவில்லை. நான் அந்த வாசக அறையில் நின்று அலமாரிகளைப் பார்த்தேன். பத்து வருடமாகப் பார்த்த அதே தூசி. உலகத்தில் யார் யாரோ மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்து, ஓர் ஆணி விடாமல் எழுதிக் கொடுத்தது எல்லாம் அங்கே இருந்தது. பம்பு, அடுப்பு, நீர் வடிகட்டி, காது கேட்கும் கருவி. ஏழை நாட்டில் இதை யார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்து, பெரும்பாலானவர்கள் இங்கே பதிவு செய்யாமலே விட்டிருக்கிறார்கள். வாங்க வக்கில்லாதவர்கள் என்று நம்மை ஒதுக்கிய இடத்திலெல்லாம் நமக்கு எல்லாமே இனாம். யாரும் திட்டம் போட்டுச் செய்த தர்மம் இல்லை. அலட்சியத்தில் விழுந்த தர்மம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காவலாளி வந்து மணி ஐந்தாயிற்று, கிளம்புங்கள் என்றார்.

சைதாப்பேட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருந்தது. மேஸ்திரி ஆறாவதோடு படிப்பை விட்டவர். படத்தை மிக அழகாக, பெரிதாக, மசியில் வரைந்து அவர் முன்னால் விரித்தேன்.

"ஃபாரின் டிராயிங் மேஸ்திரி. ஒரு கோடு மாறக் கூடாது. அப்படியே போடுங்க."

"கேள்வி கேக்கலாமா நைனா?"

"வேண்டாம். அப்படியே."

ஒரு வாரம் கழித்துப் போனேன். மேஜை மேல் உலக்கைப் பூண் மாதிரி நாலு ஆணிகள் இருந்தன. பக்கத்தில் ஈர்க்குச்சி கனத்தில் ஒரு பட்டை.

"இது யாருக்கு நைனா? ஆணியப் பாத்தா ஆனைக்கு. பட்டையப் பாத்தா கொசுவுக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டண்ட் படத்தில் அளவு போடுவதே கிடையாது. எழுத்தில் எந்தப் பாகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காட்டத்தான் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். பின்பட்டைக்கு எண் இரண்டு, ஆணிக்கு எண் நாற்பத்திரண்டு. மேஸ்திரி அதை அளவென்று எடுத்துக்கொண்டு நாற்பத்திரண்டு மில்லிமீட்டருக்கு ஆணி கடைந்து வைத்திருந்தார். பத்து வருடமாக நான் கையால் போட்ட எண்கள். அவை என்னவென்று வெளியே ஓர் ஆளிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"சொல்லியிருக்கலாமே மேஸ்திரி."

"கேட்டனே. கேக்காதன்னியே."

வேறு வழியில்லாமல், என் வாழ்க்கையில் முதல்முறையாக, எழுத்தைப் படித்தேன். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். முன்பட்டை பின்பட்டையைவிட எவ்வளவு நீளம், மேல் ஆணிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் விகிதமாகத் தெளிவாக இருந்தது. நடுவில் ஒரு வரி வந்தது. இதைப் படித்து, இத்துறையில் கைதேர்ந்த ஒருவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் செய்துகொள்ள முடியும். அந்த வரி எல்லா விண்ணப்பத்திலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும், அது சட்டம் என்றார் மேடம். படித்தவருக்குப் புரியவில்லை என்றால் பேட்டண்டே செல்லாதாம்.

"அந்தக் கைதேர்ந்த ஒருத்தர் யார் மேடம்?"

"அப்படி ஒரு ஆள் இருக்கார்னு சட்டம் நினைச்சுக்கறது. நான் பார்த்ததில்லை."

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, அணைந்த பீடியை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். நடுநடுவே, "அங்க நிறுத்து. இன்னொருக்கா படி," என்றார். முடிந்ததும், "இப்பிடி மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பாவம், எவ்ளோ தெளிவா எழுதிக்கீறாரு மனுசன்," என்றார். கடல் தாண்டி ஒருவர் பெயர் தெரியாத ஓர் ஆளுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். அது சேர வேண்டிய ஆள் சைதாப்பேட்டையில், எண்ணெய்ப் பிசுக்கு லுங்கியில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் வெறும் தபால்காரன்.

மார்கழியில் முட்டி தயாரானது. ஆஸ்பத்திரியில் கால் பொருத்துகிறவர் அதை அக்காவின் காலில் மாட்டிக் கொடுத்தார். கொக்கி இல்லாமல் நடந்தார் அக்கா. ஆனால் பட்டறைத் தரையில் உட்காரப் போனபோது, பாதியிலேயே டக்கென்று நின்றுவிட்டது. பின்பட்டை கீழ்த்துண்டுக் கட்டையில் இடித்தது.

"நாக்காலி வரைக்கும்தான் வருது," என்றார் மேஸ்திரி.

எழுத்தைப் புரட்டினேன். அதுவும் அங்கே இருந்தது. அமர்ந்த நிலைக்கு வேண்டிய அளவு மடங்கும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் அமர்வது என்றால் நாற்காலிதான். தரையில் உட்கார்ந்து மீன் வெட்டுகிற ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்று அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

அக்கா சுவரைப் பிடித்து எழுந்தார். "உடு சாரு. அவ மருமவ நல்ல பொண்ணுதான்," என்றார். வாய் மட்டும் பழைய வாய் என்று சொன்னவரின் வாய் அன்றைக்குச் சரியில்லை.

போகியன்று மேஸ்திரி ஆள் அனுப்பினார். தெருவெல்லாம் பழைய பாய் எரிகிற புகை. மேடத்தையும் அழைத்துக்கொண்டு போனேன். அக்கா எங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்தார். இடிக்கிற அந்தப் பின்பட்டையைக் கழற்றிவிட்டு, மேஸ்திரி புதிதாக ஒன்று போட்டிருந்தார். அது நேராக இல்லை. வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.

"ஆணிக்கும் ஆணிக்கும் தூரம் அதேதான். நடுவுல பட்டை எப்பிடி வளைஞ்சா முட்டிக்கு இன்னா? கட்டைய சுத்திக்கினு போய்டும். குந்து பாப்போம்."

அக்கா உட்கார்ந்தார். இடிக்கவில்லை. முழங்கால் முழுதாக மடங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டது. அக்கா கொஞ்ச நேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். மேடம் புடவையோடு எண்ணெய்த் தரையில் மண்டியிட்டு அந்தப் பட்டையையே பார்த்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"இது அந்தப் பேட்டண்ட்ல இல்ல. நாம தேடின எதுலயும் இல்ல. இது புதுசு. உங்க பேர்ல பேட்டண்ட் போடலாம்."

"போட்டா இன்னா ஆவும்?"

"உங்களைக் கேக்காம யாரும் பண்ண முடியாது. ஆனா விண்ணப்பம் போடற வரைக்கும் இதை வெளியில யாரும் பாக்கக் கூடாது. ஆபீஸ் பொங்கல் லீவு முடிஞ்சுதான் திறக்கும். நாலு நாள் பொறுத்தா..."

நாலு நாள் என்றால் காணும் பொங்கல் தாண்டிவிடும். அக்கா மேஸ்திரியைப் பார்த்தார்.

"பொறுக்கலன்னா?" என்றார் மேஸ்திரி.

"இவா அந்தப் பட்டையோட நடுரோட்ல உக்காந்துட்டா, அதுவே ஊர் அறிய உபயோகிச்சதா ஆயிடும். அப்புறம் நீங்களும் பேட்டண்ட் வாங்க முடியாது. வேற யாரும், எத்தனை பெரிய கம்பெனியானாலும், இந்த ஊர்ல இதைத் தன்னோடதுன்னு சொல்ல முடியாது. எல்லாருக்கும் பொதுவாயிடும்."

"குந்தினா போதுமா?" என்றார் மேஸ்திரி.

"உக்காந்தாலே போதும்."

மேஸ்திரி பீடியைப் பற்றவைத்தார். "விழுப்புரத்துல எவனுக்கோ காலு போச்சுன்னா, அங்க ஒரு லேத்துக்காரன் இருப்பான். அவன் என்ன வந்து கேட்டுட்டுத்தான் பட்டைய வளைக்கணுமா? நமக்கு எங்க டைம் கீது அதுக்கு." பிறகு அக்காவிடம், "நீ போய்க் குந்து. நல்ல எடமாப் பாத்துக் குந்து," என்றார்.

"எடம் பாக்குறதுக்கு இன்னா, என் எடம்தான்," என்றார் அக்கா.

காணும் பொங்கலன்று காலையில் மேடம் கேமராவோடு நொச்சிக்குப்பத்துக்கு வந்தார். நாலு தலைமுறையாக மீன் வாசனை பட்டறியாத குடும்பம். மூக்கில் கைக்குட்டை. கையில், காலண்டரிலிருந்து கிழித்த அன்றைய தேதித் தாள். அதை அக்காவின் கூடைமேல் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம், சாட்சிக்கு.

"இன்னாம்மா இது, ஸ்டேசன்ல நிக்க வெச்சி எடுக்குறாப்ல," என்றார் அக்கா. ஆனாலும் முட்டியைக் காட்டினார். பிறகு கூடையை நகர்த்தி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்தார். இடது கால் ஓசையில்லாமல் மடங்கியது. வலது காலை நீட்டி அருவாமனைக் கட்டையை அழுத்தினார். பக்கத்துக் கூடைக்காரம்மா ஒரு நிமிடம் பார்த்தார். தன் கூடையைத் தூக்கி ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டார்.

கூட்டம் வரத் தொடங்கியது. கரும்பும் குழந்தைகளும் கட்டுச்சோற்று மூட்டையுமாக ஊரே எங்களைத் தாண்டிப் போயிற்று. ஒரு கால் மடங்கியதன் மூலம் ஒரு பொருள் அன்றைக்கு இந்த நாட்டு ஜனங்கள் அத்தனை பேருக்கும் சொந்தமாகிவிட்டது. அது அவர்கள் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் இல்லாத இடத்தில் அதற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

ஓர் அம்மாள் வந்து நின்று வஞ்சிரத்தைப் புரட்டிப் பார்த்தார். செவுளைப் பிரித்து மோந்தார். பாதி விலைக்குக் கேட்டார்.

"இன்னாது? ரோட்ல கெடந்து பொறுக்கியாந்தேன்னு நெனச்சியா? வெச்சிட்டுப் போம்மா," என்றார் அக்கா.

அந்த அம்மாள் அசையவில்லை. தலைப்பைச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றார். அக்கா அதைவிட. இரண்டு நிமிடத்தில் மீன் அருவாமனைக்கு வந்தது.

"யாருமே முட்டியைப் பாக்கலையே," என்றார் மேடம் கைக்குட்டைக்குள்ளிருந்து, கொஞ்சம் கவலையோடு.

"பாக்கணும்னு சட்டத்துல இருக்கா மேடம்?"

மேடம் யோசித்தார். "இல்ல. பாக்க முடியற மாதிரி இருந்தா போதும்."

அக்கா மீனைத் துண்டு போட்டுக்கொண்டே எங்களைக் கையால் ஒதுக்கினார். "ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வர்றவங்களுக்கு மீன மறைக்கிறீங்க."